வேட்டிக்கு நாலு, நெட்டுக்கு ஆறு

“ஏத்துண்ணா, நல்லா ஏத்து! மலையே தெரியாத மாதிரி வானத்துக்கு ஏத்து! எங்கூட்டு அடுப்பாண்ட நின்னுகினு நான் இன்னாத்த பாக்கறது? உங்கூட்டு செவுத்தையா?”

“பாக்காத தங்கச்சி! யாரு பாக்கச் சொன்னது? என் எடம், என் செவுரு, என் செங்கல்லு!”

“செங்கல்லு உன்னுது. மலை உன்னுதா?”

“மலைய நான் இன்னா மடிச்சி பொட்டில வெச்சிகினேனா?”

காலை காப்பி நேரம். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். காய் வாங்க வந்தவர்கள் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார்கள். திருத்தணியில் மலைக்குப் போகிற தெருக்களில் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அண்ணா, தங்கச்சி என்று முறை தவறாமல் கூப்பிட்டுக்கொண்டே வைதுகொள்ளும் சண்டை இந்தத் தெருவில் மட்டும்தான் கிடைக்கும்.

மணவாளன் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து வீடு கட்டியவர். கீழே நாலு பவர்லூம் ஓடுகிறது. தறி ஓடும் வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததால், ‘உப்பு கொஞ்சம் போடு’ என்பதைக்கூடத் தேர்தல் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் அவருக்குச் சொல்லத் தெரியும். இப்போது மகளாவது சத்தத்துக்கு மேலே போய்ப் படுக்கட்டும் என்று மாடியில் அறை கட்டுகிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் சொந்தக்காரர்கள் தங்கவும் அதுதான் இடம்.

எதிரே, மேட்டுப் பக்கத்து வீட்டில் ரத்தினம்மாள். தறி கிடையாது; குரல் மட்டும் எப்படியோ தறி வீட்டுக் குரல். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். சாயங்காலம் சமையலறை ஜன்னலில் நின்று மலைமேல் கோயில் விளக்கு ஏறியதைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் ராத்திரிச் சாப்பாடு. நாலு எட்டு வைத்துத் தெருமுனைக்குப் போனால் அதே விளக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். அதைச் சொன்னவர்களுக்கு அவர் பதில் வைத்திருந்தார்: “தெருமுனையில நின்னு பாத்தா வேடிக்கை. அடுப்பாண்ட நின்னு பாத்தாதான் வேண்டுதல்.”

இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில், வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்றிருந்தான் விஜயராகவன். ரத்தினம்மாளின் ஒரே மகன். தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். மணவாளனின் மகள் பானுப்ரியா பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். நல்ல கண்ணை மாதம் தவறாமல் பரிசோதிக்கப் போன ஒரே ஆள் இந்த ஊரில் விஜயராகவன்தான். தெருவுக்கு அது தெரியும். இரண்டு வீட்டுக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தக்காரர்கள் வந்ததும் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் கேட்காமல் இன்னொருவர் நினைத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் சுவர் வந்து குறுக்கே எழும்பியது.

விஜயராகவன் நுரையைத் துப்பினான். அன்று அவன் துப்பியதோடு நிறுத்தியிருக்கலாம்.

“யம்மா, கத்தாத. வெளிச்சம் ஓரத்துல வளையும்.”

இரண்டு பக்கமும் சத்தம் நின்றது.

“இன்னாடா சொல்ற?”

“நீ அடுப்பாண்ட நின்னு கத்துனா தெருமுனை டீக்கடையில கேக்குதா இல்லியா? நடுவுல எத்தினி செவுரு! சத்தம் ஒரு அலை. செவுத்தோட ஓரத்துக்கு வந்துச்சின்னா வளைஞ்சி அந்தாண்ட பூந்துடும். வெளிச்சமும் அலைதாம்மா. அதுவும் வளையும்.”

தெரு இதை உடனே ஏற்றுக்கொண்டது. ரத்தினம்மாளின் குரல் வளைவதற்கு அங்கே யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. விஜயராகவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு விரல்களை ஒட்டினாற்போல் கண்ணுக்கு முன்னால் வைத்து, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, இன்னும் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்த தெருவிளக்கைப் பார்க்கச் சொன்னான். “உள்ள கறுப்பு கறுப்பா கோடு தெரியுதா? வெளிச்சம் ரெண்டு விரலோட ஓரத்துலயும் வளைஞ்சி ஒண்ணோட ஒண்ணு மோதுது. அந்தக் கோடுதான் அது.” தெருவே விரலைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றது. பால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே பார்த்து, “ஆங், கோடு இருக்குதுப்பா” என்றார்.

“கேட்டியா தங்கச்சி!” என்றார் மணவாளன். “படிச்ச புள்ள சொல்லுது. நான் செவுத்த ஏத்துனா உன் வெளக்கு வளைஞ்சி வரும்.”

ரத்தினம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தார். “வளையுமா?”

“வளையும்மா. புஸ்தகத்துலயே இருக்குது.”

“சரி. ஏத்தட்டும். ஆனா ஒண்ணு. வெளக்கு தெரியலன்னு வெச்சிக்கோ, மலை வெளக்க மறைச்ச வூட்டுலேருந்து எனக்கு மருமவ வேணாம். அப்பால வந்து மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்காத.”

விஜயராகவனின் வாயில் பற்பசை திடீரென்று கசந்தது.

அன்று மாலையே அவன் கண் பரிசோதனைக்குப் போய்விட்டான். பானுப்ரியா அவனைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு முன்னால் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மூடினாள். நகர முடியாத நிலையில் இருப்பவனிடம் கேள்வி கேட்பது அவளுக்குப் பிடிக்கும்.

“வெளிச்சம் வளையுமா சார்?”

“வளையும்.”

“எவ்ளோ வளையும்?”

அவன் மூடாத கண்ணால் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினான்.

“கேக்கறேன் இல்ல?”

“சத்தத்தோட அலை ஆள் உயரத்துக்குக்கூட இருக்கும். அதனால செவுத்த சுத்தி வந்துடும். வெளிச்சத்தோட அலை தலைமயிருல நூத்துல ஒரு பங்கு. அது வளையறதும் அந்த அளவுக்குத்தான். எங்க வூட்டு ஜன்னலாண்ட வரும்போது ஒரு அரிசி மணி தடிப்புக்கு வளைஞ்சிருக்கும்.”

“அத ஏன் காலையில சொல்லல?”

“சண்டை நின்னுடுச்சே. அத எதுக்கு கெடுக்கணும்னு…”

“வளையும்னு சொன்னீங்க. எவ்ளோன்னு முழுங்கிட்டீங்க” என்றாள் பானுப்ரியா. “கண்ணு நல்லாத்தான் இருக்குது. வாய்க்குத்தான் வைத்தியம் பாக்கணும்.”

தேசப்பன் மேஸ்திரி வேலையில் சுறுசுறுப்பு. சுவர் நாளுக்கு நாள் எழும்பியது. விஜயராகவன் தினமும் மாலையில் சமையலறை ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று ரத்தினம்மாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஒரு மாலை, மேல்வரிசைச் செங்கல் சரியாக விளக்கின் உயரத்தைத் தொட்டது. விஜயராகவன் நிமிர்ந்தால் விளக்கு தெரிந்தது. மெல்ல மெல்ல முழங்காலை மடக்கினான். விளக்கு செங்கலுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. மறைந்த அந்த நொடியில், செங்கலின் விளிம்பு மட்டும் வெள்ளி ஜரிகையை ஒட்டி வைத்த மாதிரி பளபளத்தது. அங்கே விளக்கு இல்லை; விளிம்பே எரிந்தது. இன்னும் ஒரு நூலளவு குனிந்தான், அணைந்தது. நிமிர்ந்தான், எரிந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியதை முதன்முதலாகத் தன் கண்ணால் பார்த்தவன், மாடு கன்று போட்ட வீட்டுக்காரன் மாதிரி கூவினான்.

“யம்மா! ஓடி வா! வளையுதும்மா! வளையுது!”

ரத்தினம்மாள் கரண்டியோடு ஓடிவந்தார். “எங்கடா?”

“இங்க! என் தலை இருக்கற எடத்துல உன் தலைய வை!”

மகனைவிட அம்மா ஒரு முழம் குட்டை. முக்காலி கொண்டுவந்தார்கள். அது அதிக உயரமாகப் போய், விளக்கே நேராகத் தெரிந்தது. “அதான் தெரியுதே, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?” என்று அவர் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் மேஸ்திரி இன்னொரு வரிசை வைத்தார். முக்காலிக்கும் எட்டாமல் போயிற்று.

அன்றிலிருந்து ரத்தினம்மாள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். அவர் வீட்டிலிருந்து பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டதாகச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். வாய் திறந்து சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. மகனுக்கு மட்டும் சுடச்சுட தோசை ஊற்றிப் போட்டு, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். “நல்லா துண்ணுடா. வளைஞ்சி வரட்டும், நான் அப்பால துண்ணுக்கறேன்.” அந்தத் தோசை அவனுக்கு எப்படி இறங்கியிருக்கும்!

மணவாளன் பக்கமும் சரியில்லை. “வளையும்னான், வளையல. பேச்சுல நிக்காத ஆளுக்கு எப்டி பொண்ணக் குடுக்கறது?” என்று தறிக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார். தறி பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னது பானுப்ரியா. ஒரு காலையில் ரத்தினம்மாளின் சமையலறைக்குள் நுழைந்து, ஜன்னல் கம்பியில் மேஸ்திரியின் நூலைக் கட்டினாள். மறுமுனையைத் தேசப்பனிடம் கொடுத்து, மலைக்கோயிலைக் குறிவைத்து மாடி அறைச் சுவர் வரை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். இந்தப் பக்கத்துச் சுவரில் நூல் எங்கே முட்டியதோ அங்கே கரியால் ஒரு கட்டம் போட்டாள்.

“இன்னாம்மா இது?” என்றார் மணவாளன்.

“ஜன்னல் நைனா. இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு, நேருக்கு நேரா. வெளிச்சம் வளையலன்னா நேரா போவட்டுமே.”

“வாத்தியாரு வூட்டப் பாத்து என் பொண்ணு ரூமுக்கு ஜன்னலா? ஊரு சிரிக்காது?”

“காத்து வரும் நைனா. மேல படுக்கறதே காத்துக்குத்தான?”

மகள் காற்றைச் சொன்னாள்; அவருக்கு வாத்தியார்தான் தெரிந்தார். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை சாப்பிடாமல் இருப்பது அவர் மனதையும் அறுத்துக்கொண்டிருந்தது. தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு என்ன செய்வது! ஜன்னல் வைத்தார். வைத்த கையோடு கரீமுல்லா பாயின் துணிக்கடைக்கு நடந்தார்.

“பாய், ஒரு தெரை வேணும். காத்து வரணும். கண்ணு வரக்கூடாது.”

“யாரு கண்ணு?” என்றார் கரீமுல்லா. அவருக்கும் எல்லாம் தெரியும். “குழந்தைங்க கவுனுக்கு உள்ள வெச்சி தைக்கற நெட்டு இருக்குது. வெள்ளைக் கலரு. பகல்ல பாத்தா வெள்ளையாத்தான் தெரியும், உள்ள ஆள் இருக்கறது தெரியாது. வாத்தியாரு பூதக்கண்ணாடி போட்டாலும் முடியாது.”

அந்த நெட்டை மணவாளன் தன் கையாலேயே ஆணியடித்து, சமையலறையைப் பார்த்த ஜன்னலில் கட்டினார். மலைப்பக்கத்து ஜன்னலைச் சும்மா விட்டார். மலையிலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்க்கப் போவதில்லை அல்லவா.

அன்று மாலை பானுப்ரியா அறை விளக்கைப் போடாமல் இரண்டு ஜன்னல் கதவுகளையும் திறந்து வைத்தாள். எதிர்ச் சமையலறையில் ரத்தினம்மாள் வந்து நின்றார். பக்கத்தில் விஜயராகவன். அந்த நெட்டு வழியாக விளக்கு மங்கலாகவாவது தெரிந்தால் போதும் என்று அவன் வேண்டிக்கொண்டான். மலைமேல் விளக்கு ஏறியது.

ரத்தினம்மாள் கையிலிருந்த சொம்பு நழுவித் தரையில் உருண்டது.

“முருகா! ஆறுமுகா! அப்பனே!”

மாடி ஜன்னலுக்குள்ளே, இருட்டுக்கு நடுவில், விளக்கு வெறும் புள்ளியாக இல்லை. ஆறு கைகள் விரித்த நட்சத்திரமாக நின்றது. ஒவ்வொரு கையும் ஒரே நீளம், ஒரே இடைவெளி. நுனியில் மயில் கழுத்து மாதிரி நீலமும் சிவப்பும் சிதறியிருந்தது.

தெரு கூடிற்று. முதலில் யாரும் நம்பவில்லை. “ரத்தினம்மாவுக்குக் கண்ணுல புரை. எங்க மாமியாருக்கும் லைட்டப் பாத்தா நட்சத்திரமாத்தான் தெரியும்” என்றாள் ஷோபனா. பக்கத்து வீட்டுக்காரியான அவள் இந்தத் தெருவில் எல்லா நோய்க்கும் ஒரு மாமியார் வைத்திருந்தாள். பானுப்ரியாவைக் கூப்பிட்டார்கள். அவள் டார்ச்சோடு வந்து ரத்தினம்மாளின் இரண்டு கண்ணையும் பார்த்தாள். “புரையெல்லாம் ஒண்ணும் இல்ல. அத்தைக்கு என்னவிட நல்லா தெரியுது.” பிறகு ஷோபனா எட்டிப் பார்த்தாள். ஆறு. பால்காரர் பார்த்தார். ஆறு. கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அதிலும் ஆறு. சூடம் கொளுத்தினார்கள். சமையலறையில் மாவரைக்கும் கிரைண்டரை நகர்த்தி வரிசைக்கு வழி விட்டார்கள்.

செய்தி தறி மேடைக்கும் எட்டியது. தன் வீட்டு ஜன்னலில் ஆறுமுகம் எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டதும் மணவாளன் மாடிக்கு ஓடினார். அறைக்குள் போய், மலைப்பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். விளக்குத்தான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வெறும் விளக்குத்தான். சொந்த வீட்டுக்கு வந்த சாமியைப் பார்க்க எதிர்வீட்டுச் சமையலறைக்குத்தான் போக வேண்டும் என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை ஷோபனா இன்றும் நடித்துக் காட்டுகிறாள்.

வந்தார். செருப்பை வெளியே விட்டு, தலை குனிந்து, சண்டைக்குப் பிறகு முதன்முறையாக உள்ளே வந்தார். பார்த்தார். கும்பிட்டார்.

“என் ஜன்னல் தங்கச்சி” என்றார்.

“என் அடுப்பாண்டதாண்ணா தெரியுது” என்றார் ரத்தினம்மாள்.

அடுத்த சண்டைக்கு எல்லாரும் வசதியாக இடம் பிடித்து நின்ற சமயத்தில் விஜயராகவன் தொண்டையைச் செருமினான். அவனுக்கு எது நல்லது என்று தெரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெற்றிலைத் தட்டு தானே வரும். திறந்தால், அம்மாவின் ஆறுமுகத்தை நூலாக்கிவிட்டவன் என்ற பேரோடு கல்யாணமும் போகலாம். ஆனால் வாசலில் பானுப்ரியா டார்ச்சைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைகுறையாகச் சொல்லி மாட்டிக்கொண்டது அவனுக்கு ஒருமுறை போதும்.

“யம்மா, நான் முழுசா சொல்லிடறேன். அப்பால நீ அடிச்சாலும் சரி. அது அந்த நெட்டால வருது. நெட்டுல ஓட்டை எல்லாம் தேன்கூடு மாதிரி ஆறு பக்கம். நூலு மூணு திசையில ஓடுது. ஒவ்வொரு நூலோட ஓரத்துலயும் வெளிச்சம் துளி விலகுது, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மூணு திசைக்கு ஆறு கை. ஒரு ஓரத்துல வளையறது கண்ணுக்குத் தெரியாது. இங்க ஆயிரம் ஓரம் ஒண்ணா சேந்து வளைக்குது, அதான் தெரியுது. அன்னிக்கி செவுத்த சுத்தி வளையும்னு சொன்னேன் இல்ல? வளையறது நெசம். நம்ம வூட்டுக்கு எட்டற அளவுக்கு வளையாதுன்றத நான் சொல்லல. தப்பு என்னுது.”

சூடம் மட்டும் எரிந்தது.

“நெட்டாலயாடா?” என்றார் மணவாளன். “அப்ப வேற துணி கட்டுனா?”

“நூல் ரெண்டு திசையில ஓடற துணின்னா நாலு கைதான் வரும் மாமா.” வாய் தவறி மாமா என்றுவிட்டான். யாரும் கவனிக்காத மாதிரி எல்லாரும் கவனித்தார்கள்.

மணவாளன் தறிக்காரர். துணியைப் பற்றி யாராவது எதையாவது சொன்னால் சோதிக்காமல் விடமாட்டார். மகளை மாடிக்கு அனுப்பினார். அவள் நெட்டைக் கழற்றிவிட்டு, கொடியில் காய்ந்த அப்பாவின் மல் வேட்டியை ஒற்றையாகப் பிரித்து ஜன்னலில் பிடித்தாள். விளக்கு மங்கி, மேலும் கீழும் இடமும் வலமும் நாலு கையோடு நின்றது.

“அடேயப்பா!” என்றார் மணவாளன். “வேட்டிக்கு நாலு, நெட்டுக்கு ஆறு!”

எல்லாரும் ரத்தினம்மாளைப் பார்த்தார்கள். அவர் நாலு கை விளக்கை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“நாலுன்னா பிரம்மா. அவரு நமக்கு வேணாம். அவரத்தான் நம்ம சாமி அப்பவே புடிச்சி உள்ள வெச்சிட்டாரே. பானு, நெட்டையே கட்டும்மா.”

“யம்மா, அது நூலும்மா” என்றான் விஜயராகவன்.

“நூலுதான்டா. நான் இன்னா இல்லேன்றேனா? வளையும்னு நீதான சொன்ன? வளைஞ்சிடுச்சி. ஒரு பக்கமா இல்லாம ஆறு பக்கமும் வளைஞ்சி வந்துக்குது. அந்த வூட்டு ஜன்னலு, அந்தப் பொண்ணு புடிச்ச நூலு, அந்தாளு கட்டுன நெட்டு, நீ படிச்ச படிப்பு. இத்தினி பேரு சேந்து எனக்கு வெளக்கு காட்டிக்கிறீங்க. இதுக்கு மேல முருகன் வந்து தனியா சொல்லணுமா?” கரண்டியை எடுத்தார். “பசி உயிரு போவுது. எல்லாரும் உக்காருங்க. அண்ணா, நீயும்தான். தோசைக்கு மாவு இருக்குது.”

அன்று அந்தச் சமையலறையில் எத்தனை தோசை போயிற்று என்று யாரும் எண்ணவில்லை. மணவாளன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். கை கழுவிய பிறகு, “பேச்சுல நிக்கற ஆளுதான். கொஞ்சம் லேட்டு” என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மையார்குப்பத்துச் சொந்தங்கள் காவடியோடு வந்து, காவடியை இறக்கிய கையோடு நட்சத்திரத்தையும் பார்த்து, வெற்றிலைத் தட்டும் மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். தை மாதம் கல்யாணம். பந்தல் முழுக்கக் கவுன் நெட்டு. அதோடு கரீமுல்லா கடையில் அந்தச் சரக்கு தீர்ந்தது. சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் தாலி ஏறிய அன்றே, அத்தான் முறையில் பாவா என்று மாற்றிக்கொண்டாள். கண்டிப்பு மட்டும் மாறவில்லை.

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அந்த மாடி அறையில்தான் இருந்தார்கள். விளக்கு நேரத்துக்கு இரண்டு ஜன்னலையும் திறந்து, லைட்டை அணைத்து, ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். எதிரே அம்மா கும்பிட்டுக்கொண்டிருப்பார். எந்தப் புது ஜோடிதான் இதைத் தாங்கும்? சித்திரைக்குள் கனகம்மாசத்திரத்தில் பானுப்ரியா சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்தாள், அவனும் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டான், இருவரும் அங்கேயே குடிபோனார்கள்.

இப்போது ஜன்னல் திறக்கிற வேலை மணவாளனுடையது. தறிச் சத்தத்தில் சில நாள் நேரம் மறந்துபோகும். அப்போது எதிர்ச் சமையலறையிலிருந்து ஒரு குரல் கிளம்பும். சுவரைச் சுற்றி, படியேறி, நாலு தறியையும் தாண்டி, அவர் காதில் வந்து இறங்கும்.

“அண்ணா! இன்னும் ஜன்னலத் தொறக்கலியா? எனக்குப் பசிக்குது!”